மின்கதையும் அட்டையும்: புதிதாகப் பதிப்பிக்க வருபவருக்கு ஒரு வழிகாட்டி

இணையக் கடையில் ஒரு புத்தகம் வாசகர் கண்ணில் முதலில் படுவது தபால்தலை அளவுப் படமாகத்தான். வாங்கிய பிறகு ஒருவர் அதைக் கைபேசியில் படிப்பார், ஒருவர் கிண்டில் போன்ற கறுப்பு வெள்ளை ஈ-இங்க் கருவியில் படிப்பார், இன்னொருவர் நடந்துகொண்டே காதில் கேட்பார், வேறொருவர் தாளில் புரட்டுவார். அட்டையையும் கதை சொல்லும் முறையையும் பதிப்பகங்கள் புதிதாக யோசிக்க இதுவே காரணம். புதியவர்கள் பெரும்பாலும் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். அசையும் படம், பின்னணி இசை, க்யூஆர் கோடு என்று சேர்த்துக்கொண்டே போய், எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா என்று கடைசியில் பார்க்கிறார்கள். இங்கே சொல்லியிருக்கும் வரிசை அதற்கு நேர் எதிர். சேர்த்த வசதிகள் அத்தனையையும் உருவிவிட்டாலும் நூல் தனியாக நிற்கிறதா என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: எந்த வடிவம் என்று முடிவு செய்வது

மின்னூலில் அடிப்படையாக இரண்டு அமைப்புகள் உண்டு. ஓடும் அமைப்பில், வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக உடைந்து மறுபடி அமையும். நிலைப்பக்க அமைப்பில், தாளில் இருப்பதுபோல் ஒவ்வொரு பக்கமும் அசையாமல் நிற்கும். நாவல், கட்டுரை, வாழ்க்கை வரலாறு எல்லாம் ஓடும் அமைப்புக்கு உரியவை. சிறுவர் படக்கதை, காமிக்ஸ், படமும் எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நூல்கள் நிலைப்பக்கத்துக்கு. பக்கம் அழகாக இருக்கிறதே என்று நாவலை நிலைப்பக்கத்தில் போட்டால், கைபேசியில் வாசகர் ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் பெரிதாக்கி, இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கும். இரண்டாம் அத்தியாயத்துக்குள் மூடிவிடுவார்.

இதற்கு மேல் சேர்க்கக்கூடியவை சில: வாசிக்கும் குரலோடு வரி ஒளிர்வது, வாசகர் தேர்வுக்கேற்பக் கிளை பிரியும் கதை, தனி ஒலிநூல், அச்சு நூலில் க்யூஆர் கோடு. ஒவ்வொன்றுக்கும் ‘இது இல்லாவிட்டால் வாசகருக்கு என்ன குறையும்?’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அது வேண்டாம். படிக்கப் பழகும் குழந்தைக்குக் குரலோடு ஒளிரும் வரி நிச்சயம் உதவும். துப்பறியும் நாவலில் பின்னணி மழைச் சத்தம் பெரும்பாலும் இடைஞ்சல்தான்.

இரண்டாம் படி: கைப்பிரதியைச் சுத்தம் செய்வது

எல்லா வடிவங்களும் ஒரே மூலப் பிரதியிலிருந்து பிறக்க வேண்டும். அச்சுக்கு ஒன்று, மின்னூலுக்கு ஒன்று என்று இரண்டு பிரதி வைத்துக்கொண்டால், மெய்ப்புத் திருத்தங்கள் ஒன்றில் ஏறும், மற்றதில் விடுபடும்.

மூலம் முழுக்க யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பிரதி என்றால் மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்த பிறகு மூன்றை மட்டும் தனியாகத் தேடுங்கள்: மேற்கோள் குறிகள், நடுவே வரும் ஆங்கிலச் சொற்கள், நிறுத்தக் குறிகள். அந்த எழுத்துருக்களில் இந்த விசைகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருப்பதால் மாற்றும்போது குழறுபடி ஆவது இவைதான்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இன்னும் மோசம். ‘ஔவை’ என்பதை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ஆனால் வாசகர் தேடினால் கிடைக்காது, குரல் மென்பொருளும் ‘ஒ-ள-வை’ என்றே படிக்கும். ‘கொ’ என்பதிலும் இதே சிக்கல் உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் இடலாம். முழுப் பிரதியையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் கொம்புச் சிக்கல் தீரும். ஔகாரத்தை மட்டும் கையால் தேடித்தான் திருத்த வேண்டும்.

அத்தியாயத் தலைப்புகளுக்கு ‘தலைப்பு 1’ பாணி, உட்தலைப்புக்கு ‘தலைப்பு 2’, உடல் எழுத்துக்கு ஒரே பாணி. எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது தலைப்பாகிவிடாது, பொருளடக்கம் அதைக் கண்டுகொள்ளாது. இடைவெளிக்காக என்டர் விசையை நாலைந்து முறை தட்டியிருந்தால் எல்லாவற்றையும் நீக்குங்கள். கைபேசியில் அவை வெற்றுத் திரையாக வந்து நிற்கும்.

மூன்றாம் படி: ஈபப் கட்டுவது

ஈபப் என்பது மின்னூலுக்கான பொது வடிவம். உண்மையில் அது பல ஃபைல்களை ஒன்றாகச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே இருப்பவை அத்தியாயத்துக்கு ஒன்றாக எக்ஸ்ஹெச்டிஎம்எல் பக்கங்கள், தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ், படங்கள், எழுத்துரு, எல்லாவற்றையும் பட்டியலிடும் ஓபிஎஃப் ஃபைல், பொருளடக்கத்துக்கான ஒரு பக்கம். கூடவே ‘மைம்டைப்’ என்ற சிறு ஃபைல். அது பொட்டலத்தில் முதலாவதாகவும் சுருக்கப்படாமலும் இருக்க வேண்டும். ஈபப்பைப் பிரித்துத் திருத்தி, மறுபடி சாதாரணமாக ஜிப் செய்தவர்களின் ஃபைல் சோதனையில் தவறுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த ஒன்றுதான். சிகில் போன்ற இலவச மென்பொருளில் திருத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

ஈபப் 3 வெளியானது 2011இல். அதன் 3.3 பதிப்பு 2023இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. புதிய நூலை ஈபப் 3ஆகவே செய்யுங்கள். பழைய வழிகாட்டிகள் சொல்லும் மோபி வடிவத்தைத் தேடிப் போக வேண்டாம், ஓடும் அமைப்பு நூல்களுக்கு அமேசான் அதை 2021லேயே நிறுத்திவிட்டது.

தமிழ் நூலுக்கென்று கவனிக்க வேண்டியவை:

மொழி தமிழ் என்று ‘ta’ என்ற குறியீட்டால் ஓபிஎஃப்பிலும் ஒவ்வொரு பக்கத்திலும் குறித்திருக்க வேண்டும். குறிக்காவிட்டால் உரக்க வாசிக்கும் மென்பொருள் ஆங்கிலக் குரலில் உளறும் அல்லது வாயே திறக்காது.

வரி உயரம் எழுத்தளவைப் போல் 1.5 முதல் 1.7 மடங்கு. மேலே இகர விசிறியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் வருவதால் 1.2இல் வரிகள் ஒன்றோடொன்று உரசும்.

இருபுறமும் சமமாக வரியை இழுக்க வேண்டாம், இடப்பக்க ஒழுங்கே போதும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, பெரும்பாலான வாசிப்புச் செயலிகள் அவற்றை வரி முடிவில் உடைப்பதில்லை. கைபேசியின் குறுகிய திரையில் இருபுறம் இழுத்தால் ஒரு வரிக்கு இரண்டே சொல், நடுவே ஆறு ஓடும்.

எழுத்துருவைப் பதிப்பதானால் உரிமம் பாருங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர் போன்றவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வருவதால் நூலுக்குள் பதிக்கலாம். விலை கொடுத்து வாங்கிய எழுத்துரு அச்சுக்கு மட்டும் அனுமதி தந்து, மின்னூலுக்குத் தனி உரிமம் கேட்பது சகஜம்.

படம் ஒவ்வொன்றுக்கும் மாற்று உரை எழுதுங்கள். ‘படம் 3’ என்று எழுதினால் பார்வையற்ற வாசகருக்கு ஒன்றுமே கிடைக்காது. அந்த இடத்தில் படம் கதைக்கு என்ன செய்கிறதோ அதை ஒன்றிரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் மின்னூல்களுக்கு அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே கடை விரிப்பதானால் இது சட்டப் பொறுப்பும் ஆகிறது.

முடிந்ததும் ஈபப்செக் என்ற இலவசச் சோதனைக் கருவியில் ஓட்டுங்கள். பிழை ஒன்றுகூட இருக்கக்கூடாது. எச்சரிக்கைகளைப் படித்துப் பார்த்து முடிவெடுக்கலாம்.

நான்காம் படி: குரல்

குரலோடு வரி ஒளிர்வதற்கு ஈபப் 3இல் மீடியா ஓவர்லே என்ற வசதி உண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் அடையாளப் பெயர் கொடுத்து, ‘இந்த வாக்கியம் இந்த ஒலி ஃபைலில் 12.4ஆம் நொடியிலிருந்து 15.1 வரை’ என்று ஸ்மில் என்ற ஃபைலில் எழுதுவதுதான் வேலை. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஒலியைத் திறந்து, வாக்கியத் தொடக்கத்திலும் முடிவிலும் லேபிள் இட்டால், அந்த நேரங்களை உரை ஃபைலாக ஏற்றுமதி செய்யலாம். சொல்லுக்குச் சொல் ஒளிரவைக்க ஆசை வரும். சொற்கள் புணர்ந்து வரும் தமிழில் எங்கே வெட்டுவது என்பதே தகராறாகிவிடும், வாக்கிய அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எல்லாச் செயலிகளும் இந்த வசதியைக் காட்டாது. காட்டாத இடத்தில் நூல் சாதாரண எழுத்தாகத் திறக்கும், அதில் குறையில்லை.

தனி ஒலிநூலுக்கு அமேசானின் ஒலிநூல் தளமான ஏசிஎக்ஸ் கேட்கும் அளவுகளை இலக்காக வைத்துப் பதிவு செய்தால் மற்ற இடங்களிலும் பெரும்பாலும் செல்லும்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 192 கேபிபிஎஸ் எம்பி3, சராசரி ஒலியளவு -23 முதல் -18 டெசிபலுக்குள், உச்சம் -3க்கு மேல் போகாமல், பின்னணி இரைச்சல் -60க்குக் கீழே. புதியவர்கள் தோற்பது கடைசி எண்ணில். மின்விசிறி ஓடும் அறையில் பதிந்துவிட்டுப் பிறகு மென்பொருளால் இரைச்சலைக் கழித்தால், குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். விசிறியை நிறுத்துங்கள், போர்வை தொங்கவிட்டு எதிரொலியைக் குறையுங்கள். ஒலிநூல் அட்டை சதுரம் என்பதை முன்பே நினைவில் வையுங்கள். ஏசிஎக்ஸ் கேட்பது குறைந்தது 2400 × 2400 பிக்சல். நெட்டை அட்டையின் இரண்டு பக்கமும் பட்டை ஒட்டிச் சதுரமாக்கினால் அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: கிளை பிரியும் கதை

இதற்கு ட்வைன் நல்ல தொடக்கம். கிறிஸ் கிளிமாஸ் 2009இல் உருவாக்கிய திறந்தமூல மென்பொருள் அது. ஒவ்வொரு காட்சியும் ஒரு பெட்டி, இரட்டைச் சதுர அடைப்புக்குள் பெயர் எழுதினால் அடுத்த பெட்டிக்கு இணைப்பு. வெளியீடு ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைலாக வரும்.

எழுதத் தொடங்குமுன் கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு வழி, மொத்தம் 10 திருப்பம் என்றால் 1,024 முடிவுகள். யாராலும் எழுத முடியாது. அதனால் கிளைகளை இரண்டு மூன்று காட்சிக்குள் மறுபடி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்து, வாசகர் முன்னே செய்த தேர்வை ஒரு மாறியில் (மென்பொருள் ஒரு மதிப்பைக் குறித்துவைக்கும் இடம்) மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது வழக்கம். கதவைத் திறந்தவருக்கும் திறக்காதவருக்கும் அடுத்த அத்தியாயம் ஒன்றே, அதில் ஒரு பாத்திரம் பேசும் நாலு வரி மட்டும் வேறு.

இதையே ஈபப்பாகக் கொடுக்கும்போது அந்த நினைவு போய்விடும். மாறிகளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும், பல வாசிப்புக் கருவிகள் அதை இயக்குவதில்லை. அங்கே வெறும் உள்ளிணைப்புகளால் கதையை நடத்த வேண்டும். இன்னொரு வில்லங்கம்: வாசகர் இணைப்பைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால், தேர்ந்தெடுக்காத கிளையின் முடிவு கண்முன் வந்து நிற்கும். காட்சிகளைக் கலைத்து அடுக்குங்கள், ஒவ்வொன்றையும் புதிய பக்கத்தில் தொடங்குங்கள், முடிவுகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள்.

ஆறாம் படி: சிறிய திரைக்கு அட்டை

இங்கே அதிக நேரம் செலவிடுங்கள். முதலில் பென்சில். ஒரு வெள்ளைத் தாளில் 2.5 × 4 செ.மீ. கட்டங்கள் பத்துப் பன்னிரண்டு வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு யோசனை. அந்த அளவில் புரியாத படம் திரையிலும் புரியாது. கதையின் எல்லாப் பாத்திரங்களையும் அட்டையில் ஏற்றும் ஆசையை இந்தக் கட்டம் தானாகவே வெட்டிவிடும்.

அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபிக்கு ஏற்ற அட்டை 1600 பிக்சல் அகலம், 2560 உயரம், திரைக்கான ஆர்ஜிபி நிறமுறை, ஜேபெக் அல்லது டிஃப். வடிவமைத்ததை 100 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பிடித்த கைபேசியில் பாருங்கள். தமிழில் இந்தச் சோதனைக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது: புள்ளி. மெல்லிய எழுத்துருவில் ‘கல்’ என்ற தலைப்பின் மேற்புள்ளி 100 பிக்சலில் கரைந்து ‘கல’ என்று நிற்கும். வண்ணப் படத்தின் மேல் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் சீக்கிரம் கரையும். தலைப்புக்கு மட்டும் தடிமனான எழுத்துரு எடுங்கள், புள்ளி பெரிதாக, எழுத்திலிருந்து விலகி நிற்பதாகப் பார்த்து எடுங்கள். எழுத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தடிமனாக்குவது குறுக்குவழி, ‘ண’, ‘ணை’ போன்றவற்றின் உள்வெளி அடைபட்டுக் கரும்புள்ளியாகிவிடும்.

எழுத்திடைவெளியை விரிப்பதும் ஆங்கில அட்டைகளைப் பார்த்து வரும் பழக்கம். தமிழில் விரித்தால் ‘கெ’யின் கொம்பு ககரத்தை விட்டு நகர்ந்து, முந்தைய எழுத்தைச் சேர்ந்ததுபோல் தெரியலாம். நீளமான தலைப்பை வரி பிரிக்கும்போது சொல்லை நடுவில் உடைக்காமல் பொருள் முடியும் இடத்தில் பிரியுங்கள். அதற்கு இடம் போதவில்லை என்றால் எழுத்தாளரோடு உட்கார்ந்து தலைப்பையே சுருக்கப் பேசுவது மேல்.

மென்பொருள் எச்சரிக்கை ஒன்று. ஃபோட்டோஷாப்பில் தமிழ் கொம்புகள் இடம் மாறி, புள்ளி போட்ட வட்டங்களோடு வந்தால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். எழுத்து இயந்திரம் பல மொழிகளுக்கான வேர்ல்ட்-ரெடி அமைப்பில் இல்லை என்று பொருள். இன்டிசைனில் பத்தி அமைப்பியை வேர்ல்ட்-ரெடிக்கு மாற்றுங்கள். இன்க்ஸ்கேப் தமிழைத் தானாகவே சரியாக அமைக்கும்.

அடுத்து, அட்டையைச் சாம்பல் நிறமாக்கிப் பாருங்கள். ஈ-இங்க் திரைகளில் வழக்கமாக 16 சாம்பல் நிலைகளே உண்டு. சிவப்புத் தலைப்பும் பச்சைப் பின்னணியும் வண்ணத்தில் பளிச்சென்று இருந்தாலும், சாம்பலில் ஒரே நிறமாகிவிடலாம். பெரிய எழுத்துக்கு 3:1, சிறிய எழுத்துக்கு 4.5:1 என்ற இணைய அணுகல்தன்மை விகிதத்தை அட்டைக்கும் கடைப்பிடிக்கலாம். பின்னணி வெள்ளை என்றால் நாலு பிக்சல் சாம்பல் ஓரக்கோடு போடுங்கள், இல்லாவிட்டால் கடைப் பக்கத்தின் வெள்ளையில் அட்டை எங்கே முடிகிறது என்றே தெரியாது.

தொடர் நூல்களுக்கு அட்டை ஒரு குடும்பமாகத் தெரிய வேண்டும். பெங்குவின் பதிப்பகம் 1935இல் எட்வர்ட் யங் வடிவமைத்த மூன்று பட்டை அட்டைகளோடு வந்தது. ஆரஞ்சு என்றால் புனைகதை, பச்சை என்றால் குற்றக் கதை, படமே கிடையாது. தூரத்திலிருந்து நிறத்தாலேயே அடையாளம் தெரிந்தது. இன்றைய தபால்தலைப் படத்துக்கும் அதே தந்திரம் செல்லும்: எழுத்துரு, தலைப்பின் இடம், ஒரு வடிவம் ஆகிய மூன்றை மாற்றாமல் வைத்து நிறத்தையும் படத்தையும் மட்டும் மாற்றுங்கள்.

ஏழாம் படி: அச்சு அட்டை

முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் ஒரே விரிப்பு. முதுகின் அகலம் தெரியாமல் விரிப்பைத் தொடங்க முடியாது. உதாரணமாக 140 × 216 மிமீ அளவில் 240 பக்க நூல் என்றால் 120 தாள். தாளின் தடிமன் 0.1 மிமீ என்றால் 12 மிமீ, அட்டைக் காகிதம் 0.3 மிமீ வீதம் இரண்டு பக்கமும் சேர்த்து 12.6. விரிப்பின் அகலம், இரு ஓரமும் 3 மிமீ ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) சேர்த்து 298.6 மிமீ, உயரம் 222. தடிமனை ஜிஎஸ்எம்மை (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற தாள் எடை) வைத்து ஊகிக்காமல் அச்சகத்திடம் கேளுங்கள், ஒரே 80 ஜிஎஸ்எம்மில் உப்பலான தாளும் உண்டு, அழுத்தமான தாளும் உண்டு. கேடிபியில் பக்கத்துக்கு வெள்ளைத் தாள் 0.0572 மிமீ, கிரீம் தாள் 0.0635. அதே 240 பக்கத்துக்கு 13.7 மிமீ, 15.2 மிமீ. வெள்ளைக்குச் செய்த அட்டையைக் கிரீமுக்கு ஏற்றினால் முதுகெழுத்து மடிப்பை நோக்கி ஒதுங்கிவிடும்.

மடிப்பு ஒரு மில்லிமீட்டர் அளவு அங்கே இங்கே நகர்வது இயல்பு. அதனால் முதுகெழுத்துக்கு இருபுறமும் 1.6 மிமீயாவது விடுங்கள், முதுகுக்குத் தனி நிறம் கொடுக்காமல் முன்னட்டை நிறமே சுற்றிப் போகட்டும். நூலை முன்னட்டை மேலே இருக்கும்படி மேசையில் படுக்க வைத்தால் முதுகெழுத்து நேராகப் படிக்க வர வேண்டும்.

படங்கள் அச்சளவில் 300 டிபிஐ, நிறமுறை அச்சின் நான்கு மைகளுக்கான சிஎம்ஒய்கே. திரையில் மின்னும் நீலமும் பச்சையும் தாளில் மங்கும், மாற்றிப் பார்த்த பிறகே எழுத்தாளரிடம் காட்டுங்கள். சிறிய எழுத்துகள் 100 சதவீதம் கறுப்பு மை ஒன்றில் மட்டும் இருக்கட்டும், நான்கு மையிலும் போட்டால் மைகள் பதியும் இடம் சற்று விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். ஸ்பாட் யூவி (குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பளபளப்புப் பூச்சு) வேண்டுமென்றால் அதற்குத் தனி அடுக்கு கொடுங்கள். மெல்லிய தமிழ் எழுத்தின் மேல் அதைப் பூசினால் விலகல் அப்பட்டமாகத் தெரியும், பெரிய வடிவத்தின் மேல் பூசுவதே நல்லது. கருநிற மேட் லாமினேஷனில் நகக்கீறலும் கைரேகையும் பளிச்சென்று தெரியும். அச்சகத்துக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் தலைப்பெழுத்தை எழுத்துரு தேவைப்படாத கோட்டுருவாக மாற்றிவிடுங்கள், திருத்தக்கூடிய பிரதியைத் தனியே வையுங்கள்.

பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் (நூலின் தனி அடையாள எண்) பார்கோடு. முழு அளவு 37.29 × 25.93 மிமீ, 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக்கூடாது. வெள்ளைமேல் கறுப்பு. சிவப்புக் கோடுகள் சிவப்பு ஒளி ஸ்கேனருக்குத் தெரியாது. க்யூஆர் கோடு சேர்த்தால் குறைந்தது 2 செ.மீ., சுற்றிலும் நான்கு கட்ட வெற்றிடம். அது பதிப்பகத்தின் சொந்த முகவரிக்குப் போய், அங்கிருந்து ஒலிக்கோ படத்துக்கோ திரும்பட்டும். இலவசச் சுருக்குச் சேவையை நம்பி அச்சிட்டால், அந்தச் சேவை மூடும் நாளில் கிடங்கில் இருக்கும் பிரதி முழுக்கச் செத்த இணைப்பு.

எட்டாம் படி: சோதனையும் வெளியீடும்

ஒரு சிறிய கைபேசி, ஒரு டேப்லெட், ஓர் ஈ-இங்க் கருவி. மூன்றிலும் எழுத்தை மிகப் பெரியதாகவும் மிகச் சிறியதாகவும் வைத்துப் பாருங்கள், இரவுத் திரையையும் போட்டுப் பாருங்கள். பின்னணி இல்லாத படத்தில் கறுப்புக் கோடுகள் இருந்தால் இரவுத் திரையில் அவை மறைந்துபோகும். பொருளடக்கத்தின் எல்லா இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறை, படங்களை நீக்கிவிட்டு ஒரு முறை படியுங்கள். அட்டைப் படம் கருவியின் நூலகத்தில் தெரியவில்லை என்றால் ஓபிஎஃப்பில் அதற்குக் ‘கவர்-இமேஜ்’ பண்பு கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அச்சுக்கு ஒரு பிரதியாவது மாதிரி எடுங்கள், முதுகைத் திரையில் சோதிக்க முடியாது.

அச்சு நூல், ஈபப், ஒலிநூல் மூன்றுக்கும் தனித்தனி ஐஎஸ்பிஎன் வேண்டும். நூலின் பெயரும் எழுத்தாளர் பெயரும் எல்லாக் கடைகளிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். ஓரிடத்தில் முன்னெழுத்தோடும் ஓரிடத்தில் இல்லாமலும் இருந்தால் ஒரே எழுத்தாளர் இரண்டு பேராகிவிடுவார். வெளியான பிறகு அட்டையை மட்டும் மாற்றினால் புதிய ஐஎஸ்பிஎன் தேவையில்லை. உள்ளடக்கத்தில் கணிசமாகக் கை வைத்தால் அது புதிய பதிப்பு, புதிய எண்.